ஃபிரேம் பை தகராறு செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சைக்கிள் பாருக்கும் சீட்டுக் குழாய்க்கும் கீழ்க் குழாய்க்கும் நடுவில் இருக்கிற முக்கோணத்தில் மாட்டுவதற்காக வீட்டிலேயே தைத்த பையாக இருந்தாலும் சரி, அட்டை வெட்டிக் கொடுத்துத் தையல்காரரிடம் தைத்து வாங்கிய பையாக இருந்தாலும் சரி, தகராறு என்று வந்தால் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் வருகிறது. மன்னார்குடி, திருவாரூர், தஞ்சாவூர்ப் பக்கம் நண்பர்கள் கொண்டுவரும் பைகளைப் பிரித்துத் தைத்துப் பழகியதில் உருவான வரிசை இது. உங்கள் பையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். காசு செலவாகாத காரணம் முதலில் இருக்கும், பையைப் பிரிக்க வேண்டிய காரணம் கடைசியில் இருக்கும். அந்த வரிசையிலேயே பாருங்கள், ஏனென்றால் ஜிப்பை மாற்றித் தரச் சொல்லி வருகிற பைகளில் பலவற்றில் ஜிப் நன்றாகத்தான் இருக்கிறது, பைதான் முக்கோணத்தைவிட ஒரு விரல் பெரிதாக வெட்டப்பட்டிருக்கிறது.

எந்தத் தலைப்புக்குப் போனாலும் அதற்கு முன் ஒரு சோதனை. பையை முழுக்கக் காலி செய்து, நாடாக்களை மாட்டி, ஜிப்பை மூடி, தெருக் கோடி வரை ஓட்டிப் பாருங்கள். வெறும் பையில் ஒன்றும் இல்லை, சாமான் வைத்தால்தான் வருகிறது என்றால் அடைக்கிற விதத்தைப் பாருங்கள். வெறும் பையிலேயே வருகிறது என்றால் அளவு, நாடா, தையல் மூன்றில் ஒன்று. இது தெரியாமல் பிளேடை எடுத்துத் தையலைப் பிரிக்க உட்காராதீர்கள்.

பிரேக் விடவில்லை, கியர் தானாக மாறுகிறது, ஹேண்டில் முழுக்கத் திரும்பவில்லை

மற்ற தகராறெல்லாம் எரிச்சலோடு போய்விடும், இது ஆளைக் கீழே தள்ளும். அதனால் பை மாட்டிய முதல் நாளே, தகராறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இதைப் பார்த்துவிடுங்கள்.

நம் பக்கம் இன்னும் ஓடுகிற பழைய கறுப்புச் சைக்கிளில் பின் பிரேக்குக்குக் கேபிள் கிடையாது. நீளமான பிரேக் கம்பி ஒன்று கீழ்க் குழாயை ஒட்டியே பின்னால் போகும். பையின் நாடாவைக் குழாயோடு சேர்த்து அந்தக் கம்பியையும் சுற்றி இறுக்கினால், பிரேக்கைப் பிடிக்கும்போது கம்பி நகரும், விட்டபின் திரும்பி வராது. கியர் சைக்கிளில் இதே வேலையைக் கேபிள் செய்யும். பாருக்கு அடியிலோ கீழ்க் குழாய்க்கு அடியிலோ உறையில்லாமல் ஓடும் ஒயர்மேல் நாடா ஏறி அமுக்கினால், கியர் ஒயராக இருந்தால் செயின் தானாகத் தாவும், பிரேக் ஒயராக இருந்தால் சக்கரம் உரசிக்கொண்டே ஓடும்.

சோதனை: ஸ்டாண்ட் போட்டுப் பின் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். பிரேக்கைப் பிடித்து விடுங்கள். நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து அதையே செய்யுங்கள். எந்த நாடாவை அவிழ்த்ததும் சக்கரம் சுதந்திரமாகச் சுற்றுகிறதோ அதுதான் குற்றவாளி.

அந்த நாடாவைப் பிரேக் கம்பிக்கும் குழாய்க்கும் நடுவில் நுழைத்து மாட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கேபிளுக்கும் அதே வழிதான். நடுவில் நுழைக்க இடமில்லை என்றால் நாடாவின் இடத்தை மாற்றித் தைக்க வேண்டும், வேறு வழியில்லை.

ஹேண்டில் திரும்பாவிட்டால்: இடப்பக்கம் கோடி வரையும் வலப்பக்கம் கோடி வரையும் திருப்பி, முன் மூலையில் என்ன இடிக்கிறது என்று குனிந்து பாருங்கள். முன் நாடா கேபிள்களைச் சேர்த்துக் கட்டியிருக்கும், அல்லது பையின் முன் மூலை புடைத்துக்கொண்டு கேபிள் வளைகிற இடத்தில் முட்டும். நாடாவாக இருந்தால் ஐந்து நிமிட வேலை. மூலையாக இருந்தால் அந்த மூலையை நாலைந்து சென்டிமீட்டர் வெட்டி நேராக்கித் தைத்துவிடுங்கள். அந்தக் கூர்மையான முனையில் எப்படியும் எதுவும் வைக்க முடியாது.

இன்னொன்று, பக்கிளுக்குமேல் மிச்சமாகத் தொங்கும் நாடா. செயினில் மாட்டினால் பை கிழிவதோடு போகாது. இறுக்கிய பிறகு நாலு விரல் விட்டு வெட்டி, முனையை லைட்டரால் லேசாக உருக்கிவிடுங்கள்.

கடைக்குப் போக வேண்டிய இடம்: பையைக் கழற்றியும் பிரேக் இழுக்கிறது என்றால் அதற்கும் பைக்கும் சம்பந்தமில்லை. சைக்கிள் கடையில் காட்டும்வரை ஓட்ட வேண்டாம்.

முழங்காலோ தொடையோ உரசுகிறது

*சாமான் வைத்தால் மட்டும் உரசுகிறது*

உருண்டையான பொருள்தான் காரணமாக இருக்கும். தண்ணீர் பாட்டில், சுருட்டிய மழைக்கோட்டு, பழம் எல்லாம் பையின் நடு வயிற்றைத் தள்ளும். மழைக்கோட்டைச் சுருட்டாமல் மடித்துத் தட்டையாக வையுங்கள். பம்ப், ஸ்பேனர், டியூப் போன்ற கனமானதெல்லாம் கீழ் மூலைக்குப் போகட்டும், அங்கே கால் வராது, பையும் ஆடாது.

அப்படியும் புடைத்தால் இரண்டு பக்கமும் உள்ளே ஒரு தட்டை விறைப்பு வேண்டும். விளம்பரத் தட்டிக்கு உபயோகிக்கும் சன்பேக் ஷீட் இதற்கு அருமையான பொருள், எடையே இல்லை, நனைந்தாலும் கெடாது, பேனர் அடிக்கிற கடையில் துண்டு கேட்டால் கிடைக்கும். வெட்டும்போது ஷீட்டின் வரிகள் மேலிருந்து கீழாக, அதாவது பாரிலிருந்து கீழ்க் குழாயை நோக்கி வருகிற மாதிரி வெட்டுங்கள். குறுக்கே வரும்படி வெட்டினால் ஷீட்டும் பையோடு சேர்ந்து வளைந்துவிடும்.

அதிலும் அடங்காத பெரிய பை என்றால் நடுவில் ஒரு கட்டு போடலாம். இரு பக்கச் சுவர்களையும் உள்ளே இணைக்கும் ஒரு வெல்க்ரோ பட்டி, நட்ட நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு. பையின் வயிறு உள்ளே இழுத்துக்கொள்ளும்.

*வெறும் பையே உரசுகிறது*

முதலில் பக்கிள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பாருக்கு மேலே வரவேண்டிய பக்கிள் பக்கவாட்டில் இறங்கி, பேன்டின் உள்பக்கத்தை அதுதான் தேய்த்துக்கொண்டிருக்கும். சுற்றி மேலே ஏற்றிவிட்டால் சரி.

அது இல்லையென்றால் அகலம். சீட்டில் உட்கார்ந்து பெடலைச் சுற்றுங்கள், இன்னொருவரை விட்டு இரண்டு முழங்காலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். சீட்டுப் பக்கம் அது குறுகலாகவும் ஹேண்டில் பக்கம் தாராளமாகவும் இருக்கும். சுற்றிலும் ஒரே அகலமாகப் பட்டி வெட்டித் தைக்கிற பைகள் உரசுவது இதனால்தான். சீட்டுப் பக்கம் 5 சென்டிமீட்டர், முன்பக்கம் 7 என்று சரிவாகப் பட்டி வெட்டினால் கொள்ளளவு பெரிதாகக் குறையாது. ஆனால் இதற்குப் பையை முக்கால்வாசி பிரிக்க வேண்டும். வேட்டி கட்டிக்கொண்டு ஓட்டுபவர்கள் இன்னும் ஒரு சென்டிமீட்டர் குறைத்துக்கொள்வது நல்லது.

ஜிப் தகராறு

அதிகம் வருவது இதுதான், தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். மூன்று விதமாக வரும், மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

*ரன்னர் நகரவே மாட்டேன் என்கிறது*

மண். நம் களிமண் ஈரமாக இருக்கும்போது பல்லுக்குள் போய் உட்கார்ந்து, காய்ந்தபின் கல்லாகிவிடும். தை மாசியில் அறுவடை மெஷின் ஏறி இறங்கிய சாலையில் ஒருமுறை போய்வந்தாலே போதும். இழுத்துப் பிடித்து மல்லுக்கட்டாதீர்கள். தண்ணீரில் நனைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் பல்லின் இரு பக்கமும் தேய்த்து, முழுக்கக் காய்ந்தபின் மெழுகுவத்தியைப் பல்மேல் தேய்த்து நாலைந்து முறை திறந்து மூடுங்கள். எண்ணெய் போடக் கூடாது. தேங்காய் எண்ணெய் விட்டால் அன்றைக்கு வழுக்கும், அடுத்த வாரம் அந்தச் சாலையின் தூசியெல்லாம் அதில்தான் இருக்கும்.

வேதாரண்யம், கோடியக்கரை, நாகப்பட்டினம் என்று கடலோரம் ஓட்டுபவர்களுக்கு மண்ணோடு உப்பும் சேர்ந்துகொள்ளும். உலோக ரன்னர் பூத்துப்போய் அப்படியே பிடித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுவதுதான் வழி. உலோகப் பல் ஜிப்பை அந்தப் பக்கத்துக்குப் போடவே வேண்டாம், நைலான் ஜிப் போதும், வளைவிலும் அதுதான் மடங்கிக் கொடுக்கும்.

*ரன்னர் நகர்கிறது, பின்னாலேயே பல் பிளந்துகொள்கிறது*

எங்கே பிளக்கிறது என்று பாருங்கள். எப்போதும் ஒரே இடத்தில் என்றால் அந்த இடத்தில் பல் நசுங்கியிருக்கும், அல்லது தையல் நூலின் பிசிறு உள்ளே சிக்கியிருக்கும். பிசிறு என்றால் வெட்டி எடுங்கள். நைலான் பல் நசுங்கியது என்றால் ஊசி முனையால் மெல்ல நிமிர்த்திப் பார்க்கலாம், நிமிராவிட்டால் ஜிப்தான் மாற்ற வேண்டும்.

கண்ட இடத்திலெல்லாம் பிளக்கிறது என்றால் ரன்னரின் வாய் அகன்றுபோய்விட்டது. ரன்னரின் பின்பக்கத்தில், இடம் வலம் இரண்டு ஓரங்களையும் குறட்டால் ஒரே அளவாக, மிக லேசாக அமுக்குங்கள். அமுக்கி ஒருமுறை மூடிப் பாருங்கள், போதாவிட்டால் இன்னும் கொஞ்சம். ஒரேயடியாக அமுக்கினால் ரன்னர் விரிசல் விட்டுவிடும். அதிலும் சரியாகவில்லை என்றால் ரன்னரை மட்டும் மாற்றலாம். ரன்னரின் அடியில் 5, 8, 10 என்று எண் பொறித்திருக்கும், அதே எண், அதே வகைப் பல்லுக்கான ரன்னராக வாங்க வேண்டும். பை, குடை ரிப்பேர் செய்பவர்களிடம் கிடைக்கும், அவர்களே மாட்டியும் தருவார்கள். மாட்டிய பிறகு ஜிப்பின் முனையில் நாலு தையல் குறுக்கே போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ரன்னர் வழியில் எங்கேயாவது கழன்று விழுந்துவிடும்.

*கழற்றி வைத்த பையில் அழகாக மூடுகிறது, மாட்டி இறுக்கினால் பிளக்கிறது*

இங்கேதான் ஏமாந்துபோகிறோம். ஜிப்மேல் குற்றமே இல்லை. நாடாக்கள் பையை மூன்று பக்கமும் இழுக்கும்போது அந்த இழுப்பு முழுவதையும் ஜிப் தாங்குகிறது. சோதனை எளிது. பையை மாட்டி, ஜிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, கீழ் நாடாவை இறுக்குங்கள். ஜிப்பின் இரண்டு உதடுகளும் விரிந்து நடுவில் விரல் நுழைகிற அளவு இடைவெளி வந்தால் இழுப்பு ஜிப்மேல்தான் விழுகிறது.

கீழ் நாடாவைத் தளர்த்திப் பாருங்கள். பல சமயம் அவ்வளவுதான் தேவை. தளர்த்தினால் பை ஆடுகிறது என்றால், பாருக்கு மிக அருகில் ஜிப் தைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் ஜிப்பின் இரு முனைகளுக்கும் வெளியே, முன்னாலும் பின்னாலும், மேல் பட்டியிலிருந்து கீழே வரும்படி ஒரு நாடாத் துண்டைத் தைத்துவிட்டால் இழுப்பை அது வாங்கிக்கொள்ளும். கடைசி வழி, பை பெரிதாக இருப்பதை ஒத்துக்கொண்டு சுற்றளவைக் குறைப்பது. சைக்கிளில் வைத்து வரைந்த அட்டையைச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் உள்ளே வெட்டிய பிறகுதான் பை அளவு என்று வைத்துக்கொள்ள வேண்டும், தையலுக்கு விடும் துணி அதற்கு வெளியே தனி. குழாய்க்கும் பைக்கும் நடுவில் அந்தக் கொஞ்ச இடம் இருந்தால்தான் நாடாவை இறுக்கும்போது துணி விறைப்பாக நிற்கும்.

உள்ளே தண்ணீர் வருகிறது

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒன்றரை மணிநேரம் ஓட்டிவிட்டு, உள்ளே ஒரு சொட்டு வரக் கூடாது என்று எதிர்பார்த்தால் தையல் போட்ட எந்தப் பையும் ஏமாற்றும். ஊசி குத்திய ஓட்டை ஒவ்வொன்றும் ஒரு வழி. எனவே போன், பணம், காகிதம் மூன்றையும் மொத்தமான பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். இது நிஜமாகவே முதல் வைத்தியம், இதைச் செய்துவிட்டு மற்றதைப் பொறுமையாகப் பார்க்கலாம்.

எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க: உள்ளே சுற்றிலும் செய்தித்தாளை ஒட்டினாற்போல் விரியுங்கள். ஜிப்பை மூடி, ஒரு சொம்பால் கீழ்த் தையலில் மட்டும் தண்ணீர் ஊற்றித் திறந்து பாருங்கள். காகிதம் நனையவில்லை என்றால் பக்கத் தையல், அடுத்து நாடா தைத்த இடங்கள், கடைசியில்தான் ஜிப். மேலிருந்து ஆரம்பித்தால் வழிகிற தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது ஓட்டை என்று தெரியாது.

ஜிப் வழியாக வந்தால்: ஜிப்புக்குமேல் இரண்டு விரல் அகலத்தில் ஒரு துணி மடிப்பு, மேல் ஓரம் மட்டும் தைத்து, கீழே தொங்கவிட வேண்டும். ரன்னர் மழைச்சாரல் வரும் முன்பக்கம் நிற்காமல், மூடியபின் சீட்டுப் பக்கம் நிற்கும்படி ஓட்டுங்கள்.

தையல் வழியாக வந்தால்: துணி பி.யு. (பாலியூரிதேன்) பூச்சுள்ள நைலான் என்றால் கூடாரத்துக்கும் மழைக்கோட்டுக்கும் பூசும் பி.யு. வகை சீம் சீலரை உள்பக்கத் தையல்மேல் மெல்லிய பட்டையாகப் பூசி ஒரு ராத்திரி காயவிடுங்கள். சிலிக்கான் பூச்சுள்ள துணியில் அது ஒட்டாது, அதற்குச் சிலிக்கான்தான். துணி எது என்று தெரியாவிட்டால் ஒரு மூலையில் பூசி, காய்ந்தபின் நகத்தால் உரித்துப் பாருங்கள். உரிந்து வந்தால் அந்தப் பொருள் ஒத்துவராது.

கீழ் மூலையில் தண்ணீர் தேங்கினால்: இது ஓட்டை இல்லாத குறை. வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லை. கிராங்குக்கு மேலே இருக்கும் மூலையில் ஒரு சிறிய ஐலெட் (ஓட்டையைச் சுற்றி அடிக்கும் உலோக வளையம்) அடித்துவிட்டால் தீர்ந்தது. தண்ணீர் புகாமல் இருக்கத்தானே தைத்தோம், நாமே ஓட்டை போடுவதா என்று தயங்குவார்கள். போட்டுப் பாருங்கள், அதன் அருமை கார்த்திகையில் தெரியும்.

மழையே இல்லாமல் பையின் முன்பகுதி நனைந்தால் முன் சக்கரம் அடிக்கும் சேற்றுத் தண்ணீர். பையை விட்டுவிட்டு மக்கார்டுக்கு ஒரு ரப்பர் தொங்கலை மாட்டுங்கள்.

பை ஆடுகிறது, கீழே இறங்குகிறது, வெல்க்ரோ விட்டுவிடுகிறது

வெல்க்ரோவைப் பிரித்துக் கொக்கிப் பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வைக்கோல் தூசு, நெல்லின் சுனை, துணி நூல், தலைமுடி எல்லாம் பின்னிக்கொண்டு கொக்கியே தெரியாமல் ஒரு பழுப்புப் பாய் விரித்த மாதிரி இருக்கும். சாலையிலேயே நெல்லையும் வைக்கோலையும் காயப்போடுகிற மாதங்களில் இதைத் தவிர்க்கவே முடியாது. பேன் சீப்புதான் மருந்து. கொக்கி வரிசைக்குக் குறுக்காகச் சீவினால் தூசு பட்டையாக எழுந்து வரும், மிச்சத்தை ஊசியால் கிளறி எடுங்கள். சுத்தம் செய்த வெல்க்ரோ பழையபடி சரசரவென்று சத்தம் போட்டுப் பிரியும். சத்தம் இல்லாமல் மெத்தென்று பிரிந்தால் கொக்கிகள் நிமிர்ந்துவிட்டன, பட்டியை மாற்றுங்கள். மாற்றும்போது கொக்கிப் பக்கம் வெளியே தெரியாதபடி தையுங்கள், இல்லையென்றால் வேட்டி, துப்பட்டா எல்லாவற்றையும் அது பிடித்து இழுக்கும்.

வெல்க்ரோ நன்றாக இருந்தும் பை நகர்கிறது என்றால் பெயின்ட் வழுக்குகிறது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி நாடாவுக்கு அடியில் குழாயைச் சுற்றி வையுங்கள். நாடாவும் வழுக்காது, பெயின்டும் தேயாது.

அப்படியும் ஆடினால் நாடாக்களின் எண்ணிக்கை. பாரில் மட்டும் மூன்று போட்டு, சீட்டுக் குழாயிலும் கீழ்க் குழாயிலும் ஒன்றுகூட இல்லாத பைகள் ஊஞ்சல் ஆடத்தான் செய்யும். பாரில் இரண்டு, மற்ற இரண்டு குழாய்களிலும் ஒவ்வொன்று, இது குறைந்தபட்சம்.

ஆடிக் காற்றில் ஆற்றங்கரைச் சாலையில் சைக்கிளையே பக்கவாட்டில் தள்ளுகிறது என்று சொல்பவர்களுக்கு: முக்கோணம் முழுக்க அடைக்கிற பை காற்றை வாங்கத்தான் செய்யும். அந்த மாதங்களில் பாரை ஒட்டிய பாதிப் பை ஒன்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

நாடா தைத்த இடத்தில் கிழிகிறது

நூல் அறுந்ததா, துணி கிழிந்ததா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள்.

நூல் அறுந்தது என்றால், அறுந்த நுனியைத் தீக்குச்சியில் காட்டுங்கள். உருகி மணியானால் பாலியெஸ்டரோ நைலானோ, சாம்பலானால் பருத்தி. பருத்தி நூலில் தைத்த பை ஈரத்திலேயே கிடந்து கிடந்து மக்கிவிடும், ஒரு இடம் அறுந்தால் மற்ற இடங்களும் வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம். முழுவதையும் தடித்த பாலியெஸ்டர் நூலில் திரும்ப ஓட்டுவதுதான் சரி.

துணி கிழிந்தது என்றால் பெரும்பாலும் தையல் மிகப் பொடியாக இருக்கும். நெருக்கமாகத் தைத்தால் பலம் என்று நினைத்து ரெக்ஸினிலும் ஃபிளெக்ஸ் பேனரிலும் பொடித் தையல் போட்டால், ஓட்டை ஓட்டையாகக் குத்தி நாமே கிழிக்கக் கோடு போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். தையல் நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர் இருக்கட்டும். கிழிந்த இடத்துக்கு உள்ளே உள்ளங்கை அளவு நாடாவோ தடித்த துணியோ ஒட்டு வைத்து, அதன்மேல் பெட்டி போட்டு நடுவில் பெருக்கல் குறி வருகிற மாதிரித் தையுங்கள். ஒற்றை வரித் தையலில் நிற்கிற நாடா குண்டும் குழியுமான சாலையைத் தாங்காது.

தைக்கும்போதே மெஷின் தகராறு

*தையல் விட்டு விட்டு விழுகிறது:* ஊசியை மாற்றுங்கள். சட்டை தைக்கும் 14-ஆம் எண் ஊசி இந்தத் துணிக்கு ஆகாது, 16 வேண்டும், அடுக்கு அதிகமான இடத்துக்கு 18. ஊசி புதிதாக இருந்தும் விட்டால், மடிப்பு சேரும் இடத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டித் தட்டையாக்கிவிட்டு, மோட்டாரை விட்டுச் சக்கரத்தைக் கையால் உருட்டித் தாண்டுங்கள்.

*அடியில் நூல் கூடு கட்டுகிறது:* எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைப் பிரித்து மேய்வார்கள். காரணம் மேல்நூல். துணியை அமுக்கும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல்நூலை முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். பாதம் இறங்கியிருக்கும்போது கோத்தால் நூல் டென்ஷன் தகடுகளுக்கு நடுவில் சரியாக உட்காராது.

*ரெக்ஸின் நகர மறுக்கிறது:* பாதத்துக்கும் ரெக்ஸினுக்கும் நடுவில் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுங்கள்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி ஒடிந்தால் வீட்டு மெஷினை வதைக்க வேண்டாம். அந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு வெளியே கொடுங்கள்.

நாற்றம், பிசுபிசுப்பு, துரு

நாற்றம் என்றால் உள்ளே ஃபோம் வைத்துத் தைத்திருப்பீர்கள். சாதாரண மெத்தை ஃபோம் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், மார்கழி வரை காயாது. எடுத்துவிட்டுச் சன்பேக் ஷீட்டோ, யோகா பாய் மாதிரித் தண்ணீர் குடிக்காத ஃபோமோ வையுங்கள். மழைக்காலத்தில் பையை மாட்டியே வைக்காமல் கழற்றி, ஜிப்பைத் திறந்து, தலைகீழாகத் தொங்கவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. கழற்றும்போதே நாடா இருந்த இடத்தைத் துடையுங்கள், துரு ஆரம்பிப்பது அங்கேதான். மணல் தேய்த்து பெயின்ட் போன கோடு லேசாக இருந்தால் கொஞ்சம் டச்சப் பெயின்ட் போதும். ஆனால் குழாய்கள் சேரும் இடத்தில் பெயின்ட் மயிரிழை போல் வெடித்திருந்தால் அது பையின் உராய்வாக இருக்காது, வெல்டிங் தெரிந்த சைக்கிள் மெக்கானிக் பார்த்தே ஆக வேண்டும்.

உள்பக்கப் பூச்சு பிசுபிசுவென்று ஒட்டுகிறது, செதில் செதிலாக உதிர்கிறது என்றால் அந்தப் பி.யு. பூச்சு வெயிலிலும் ஈரக் காற்றிலும் சிதைந்துவிட்டது. இதற்கு வைத்தியம் இல்லை, மேலே எதைப் பூசினாலும் அதோடு சேர்ந்து உரியும். ஜிப், பக்கிள், நாடா எல்லாவற்றையும் பிரித்து எடுத்துக்கொண்டு புதுத் துணியில் தையுங்கள்.

வெளியே கொடுத்துத் தைப்பதென்றால்

சட்டை தைப்பவரிடம் கொடுக்காதீர்கள், அவர் மெஷினுக்கும் உங்கள் துணிக்கும் ஒத்துவராது. டிராக்டர், பைக் சீட் கவர் தைக்கிற கடைதான் இதற்குச் சரியான இடம். தடித்த ஊசி, தடித்த நூல், அதைத் தள்ளுகிற மெஷின் மூன்றும் அங்கே தயாராக இருக்கும், கும்பகோணம், மன்னார்குடி அளவு ஊரில் தேடினால் ஒன்றாவது கிடைக்கும். நாடாவில் நாலு தையல் மட்டும் போட வேண்டும் என்றால் செருப்புத் தைப்பவரே போதும், கையால் அவர் போடும் தையல் மெஷின் தையலைவிட நிற்கும்.

கொடுக்கும்போது பையை மட்டும் கொடுக்காமல் அட்டையையும் கொடுங்கள், முடிந்தால் சைக்கிளையே ஓட்டிக்கொண்டு போங்கள். அட்டையில் ஜிப் வரும் பக்கம், பார் பக்கம், பிரேக் கம்பியோ கேபிளோ போகும் பக்கம் மூன்றையும் மார்க்கரால் எழுதிவிடுங்கள். "அண்ணே, தையல் பொடியா வேண்டாம், கொஞ்சம் நீட்டமா இருக்கட்டும்" என்று வாயாலும் சொல்லுங்கள், ஏனென்றால் சீட் கவருக்கு அவர் வழக்கமாக வைத்திருக்கும் அளவு வேறாக இருக்கலாம். அறுவடை நேரத்தில் டிராக்டர் சீட்டுகள் குவிந்து கிடக்கும், உங்கள் பைக்கு முறை வர நாளாகும். ஆவணியிலோ புரட்டாசியிலோ கொடுத்துவிட்டால் மழைக்கு முன் கைக்கு வந்துவிடும்.